நாவலுக்கு முகவர் தேடிய அனுபவங்கள்: குமரி மாவட்டத்துக்காரர்கள் பகிருங்கள்

தக்கலை டீச்சர்

எங்கள் வீட்டில் ஏஜென்ட் என்றால் இரண்டு பேர்தான். ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், இன்னொருவர் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர். நாவலுக்கு ஏஜென்ட் தேடுகிறேன் என்று நான் சொன்னதும் மாமியார் இரண்டாமவரை நினைத்துக்கொண்டார். "மக்களே, பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதே" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. காலச்சுவடு பதிப்பகமே நாகர்கோவிலில்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் எழுதுகிறவர் நேராகப் பதிப்பாளரிடம் போகிறார். இலக்கிய முகவர் என்று நடுவில் ஓர் ஆள் இருப்பது இங்கே வழக்கமில்லை. நான் எழுதியது ஆங்கிலத்தில். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வரும் பிரதியைத்தான் பார்க்கின்றன. அந்த முகவரின் கதவைத் தட்டுகிற ஒரு பக்கக் கடிதத்துக்குப் பெயர் குவெரி கடிதம்.

நாவல் ஒக்கிப் புயலைப் பற்றியது. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு கடற்கரை ஊர்களில் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் முதல் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால் கூசுகிறது. முக்கடல் சங்கமம், திருவிதாங்கூர் ஆட்சி, 1956-இல் தமிழகத்தோடு இணைந்த வரலாறு, தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று இரண்டு பத்தி. கதாநாயகி மூன்றாவது பத்தியில்தான் வருகிறாள், அதுவும் பெயர் இல்லாமல். பத்தாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தும் பழக்கம் எங்கே போகும்?

அதைவிட மோசம், அதை அனுப்பிய விதம். ஒரே இரவில் 12 பேருக்கு, ஒரே கடிதத்தை, 'ஐயா/அம்மையீர்' என்று தொடங்கி அனுப்பினேன். அவர்களில் ஒருவர் குழந்தைகள் புத்தகங்களை மட்டும் எடுப்பவர். இன்னொருவர் புதியவர்களிடம் இப்போது எதுவும் வாங்குவதில்லை என்று தம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார். முதல் மறுப்பு 40 நிமிடத்தில் வந்தது. அந்த 12 பேரில் 7 பேர் இன்றுவரை பதில் போடவில்லை. பல முகவர்கள் 8 முதல் 12 வாரம் கேட்கிறார்கள், அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் இல்லை என்றே பொருள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஆறு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. என் நாவலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க, அண்மையில் வந்த நாவல்களைத் தேடி எடுத்து, கடைசியில் இருக்கும் நன்றியுரையை மட்டும் படித்தேன். எழுத்தாளர் தம் முகவருக்குப் பெரும்பாலும் அங்கே நன்றி சொல்லியிருப்பார். அப்படி ஒரு நோட்டில் 27 பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார் என்பதை எதிரே எழுதினேன். லண்டன்காரர்கள் பெரும்பாலும் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் கேட்கிறார்கள். அமெரிக்கர்களில் பலர் கடிதத்தோடு முதல் ஐந்தோ பத்தோ பக்கத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டச் சொல்கிறார்கள், இணைப்பைத் திறப்பதே இல்லை. 1,42,000 சொல் இருந்த நாவலை 96,000-க்குக் குறைத்தேன். முதல் நாவல் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே பலர் தயங்குகிறார்கள். வெட்டியதில் பாதி, பாட்டி சொன்ன மீன் பெயர்கள். அதற்கு மட்டும் இன்னும் வருத்தம் உண்டு.

கடிதத்தையும் தூக்கிப் போட்டேன். புதியது இப்படித் தொடங்கியது: கணவன் கடலில் காணாமல் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நிவாரணப் பணம் வரும், இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். போட்டால், அவன் திரும்பி வரும் வழியை அவளே அடைத்தது போலாகும். அவ்வளவுதான். கன்னியாகுமரி என்ற சொல் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு முறை வருகிறது.

இந்த முறை ஆறு ஆறு பேராக அனுப்பினேன். இரண்டாவது ஆறில் இரண்டு பேர் முழுப் பிரதியும் கேட்டார்கள். ஒருவர் நான்கு மாதம் கழித்து ஒன்றரைப் பக்கத்துக்கு மறுப்பு எழுதினார். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன், என் நாவலை அவ்வளவு கவனமாக அதற்கு முன் யாரும் படித்ததில்லை. மற்றவர் கதையைப் பிறகு சொல்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

குளச்சல் கடற்கரை

டீச்சருக்கு 40 நிமிடத்தில் மறுப்பு வந்தது. எனக்கு இரண்டே நாளில் பாராட்டு வந்தது. 400 பக்க நாவலை இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டதாக ஒரு நிறுவனத்தின் 'மூத்த முகவர்' எழுதினார். "உங்கள் கதாநாயகியின் பயணம் என்னை உலுக்கிவிட்டது" என்று ஒரு வரி.

என் நாவலில் கதாநாயகி கிடையாது. ஏழு ஆண்களும் ஒரு விசைப்படகும்தான். படகுக்கு மாதாவின் பெயர், வேண்டுமானால் அதைச் சொல்லலாம். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது. வாசிப்புக் கட்டணம் என்று 18,000 ரூபாய் கேட்டார்கள். மனைவி சீட்டுப் பணம் எடுத்த வாரம் அது. கட்டினேன். அடுத்த மாதம், செம்மையாக்க 65,000 ரூபாய் கட்டினால்தான் பதிப்பகங்களுக்குக் காட்ட முடியும் என்றார்கள். அப்போதுதான் மனைவி கேட்டாள்: "நம்முடைய மீனை விற்றுத் தருகிற தரகர் நம்மிடமே முன்பணம் கேட்பாரா?"

அவள் கேட்டதற்குப் பிறகுதான் நான் படித்தேன். முகவர் நம் புத்தகத்தை விற்ற பிறகு, வருகிற பணத்தில்தான் தம் பங்கை எடுக்கிறார். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், அயல்நாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 சதவீதம் என்பது பரவலான வழக்கம். அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கம் தன் உறுப்பினர்கள் வாசிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஏமாற்றுகளைத் திரட்டி எச்சரிக்கிற 'ரைட்டர் பிவேர்' இணையதளம் 1998 முதல் இயங்குகிறது. அங்கே ஐந்து நிமிடம் தேடியிருந்தால் 18,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் எப்படியும் ஆண்டுக்கொரு பெயர் மாற்றுகிறார்கள்.

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளன்

நான் மாட்டிக்கொண்டது வேறு விதம். எனக்குப் பிடித்த ஒரு தமிழ் நாவலை 14 மாதம் உட்கார்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். காலை நான்கு மணிக்கு எழுந்து, கடையைத் திறக்கும் முன் இரண்டு பக்கம். முடித்ததும் டெல்லியில் ஒரு முகவருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில், ஒரே வரி: "ஆங்கில உரிமை யாரிடம் இருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. நாவலாசிரியரிடம் போனேன். வயதானவர், அன்பானவர், மட்டிப்பழமும் கட்டன் சாயாவும் தந்தார். "எனக்கு என்ன தெரியும் தம்பி, பதிப்பாளரிடம் கேளுங்கள்" என்றார். பதிப்பாளர் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்றார். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தால் அரைப் பக்கம். எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு என்று ஒரு சொல் இல்லை.

குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிற என் மருமகன்தான் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்து, 19-ஆம் பிரிவைக் காட்டினான். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். அந்த ஒப்பந்தம் எழுதி 22 ஆண்டு ஆகியிருந்தது. உரிமை முழுவதும் பெரியவரிடமே திரும்பி வந்து கிடந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார், கை நடுங்க நடுங்க. அதன் நகலோடு முகவருக்கு மறுபடி எழுதியபோது, பிரதி முழுவதையும் அனுப்பச் சொன்னார். இப்போது காத்திருக்கிறேன். மொழிபெயர்க்க நினைப்பவர்கள் முதல் வரியை எழுதும் முன் இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். நான் செய்தது, பத்திரம் பார்க்காமல் நிலத்தில் வீடு கட்டியது போன்ற வேலை.

கோட்டாறு பெரியவர்

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எண்பதுகளில் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் கைப்பிரதியை அனுப்புவேன், திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்து. ஒரு முறை 14 மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 83-ஆம் பக்கத்தில் டீக்கறை. அதுவரையாவது யாரோ படித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். ஆங்கிலமென்றாலும், இந்தியாவில் முகவர் இல்லாமல் பிரதியைப் பார்க்கும் பதிப்பகங்கள் உண்டே. 15 சதவீதம் ஏன் கொடுக்க வேண்டும்?

குலசேகரம் மழை

டீச்சர், நான் செய்த கூத்தைக் கேளுங்கள். நாவல் பாதிதான் எழுதியிருந்தேன். கடிதம் நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு முகவருக்கு அனுப்பிவிட்டேன். பதில் வர மூன்று மாதமாகும், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. மூன்றே நாளில் "முழு நாவலையும் அனுப்புங்கள்" என்று வந்தது.

ஜூன் மாதம். மழையில் ரப்பர் பால் வெட்டு இல்லை, அப்பா வீட்டில், நானும் வீட்டில். 19 நாளில் 40,000 சொல் எழுதினேன். கரண்ட் போனால் மெழுகுவத்தி. அம்மா கஞ்சியை மேசைக்கே கொண்டு வந்தார். அனுப்பினேன். ஐந்து வாரத்தில் மறுப்பு: "முதல் பாதியை எழுதியவர் இரண்டாம் பாதியில் எங்கே போனார்?" அந்த முகவரிடம் இதே நாவலை இனி அனுப்ப முடியாது. கட்டுரை நூல் என்றால் திட்டவரைவு போதும், புனைவு என்றால் முடித்துத் திருத்தி வைத்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று பிறகு பல இடங்களில் படித்தேன். முதலில் படித்திருக்கலாம்.

தக்கலை டீச்சர்

பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் ஐயா. நீங்கள் சொல்வது உண்மைதான், இந்தியாவில் நேராகவும் அனுப்பலாம். ஆனால் மார்த்தாண்டம் தம்பி சொன்ன அந்த அரைப் பக்க ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதைப் படித்து, காலம் எங்கே, நாடு எங்கே என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் அந்த ஆசிரியர் 22 ஆண்டு இருட்டில் இருந்திருக்க மாட்டார். என் கணக்கில் 15 சதவீதம் அதற்குத்தான். நம் நாட்டிலும் முகவர்கள் இருக்கிறார்கள்: 1997-இல் பெங்களூரில் தொடங்கிய ஜகரண்டா, ஜெய்ப்பூரின் சியாஹி, டெல்லியின் ரைட்டர்ஸ் சைட். 2023 ஜனவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்திய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் உரிமைகளை வாங்குவதும் விற்பதுமே வேலையாக இருந்தது. இந்தத் தொழில் நம் பக்கமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி, முழுப் பிரதி கேட்ட இரண்டு பேரில் மற்றவரின் கதை. இந்திய முகவர் ஒருவர். வடசேரி பஸ் நிலையத்தில் தக்கலை பஸ்ஸுக்கு நின்றபோது அழைத்தார். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "அந்தக் கையெழுத்தை நீங்கள் 30-ஆம் பக்கத்திலேயே கொண்டு வரலாமே, ஏன் 110 வரை காக்க வைக்கிறீர்கள்?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பேசினேன். யார் யாருக்கு விற்றிருக்கிறீர்கள், ஒத்துவராவிட்டால் எப்படிப் பிரிவது என்று நானும் கேட்டேன். 60 நாள் முன்னறிவிப்பு என்றார், ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தது. பணம் எதுவும் கேட்கவில்லை. மாமியாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நாவலும் இன்னும் விற்கவில்லை, எட்டு மாதமாகிறது.

குலசேகரம் தம்பி, அந்த முகவர் போனால் போகட்டும். முதல் பாதியை எழுதியவர் யார் என்று அவர் தேடியிருக்கிறாரே. இரண்டாம் பாதியை மழை இல்லாத மாதத்தில் மறுபடி எழுது. கடிதத்தை மட்டும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். நாவலை அனுப்பாதே, பரீட்சைத் தாள்கள் 140 கிடக்கின்றன.