கேழ்வரகு கேக் உதிராமல் வர ஒரு வழி சொல்லுங்கள்

தோழிகளே, ஓர் உதவி வேண்டும். என் சின்னவளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஒவ்வாமை. வகுப்பில் யார் பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தாலும் டிபன் பாக்ஸில் வைத்து அப்படியே கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். கேட்டால் "பரவாயில்லம்மா" என்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் அவள் பிறந்தநாள். அவளும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு கேக்கை வகுப்புக்கே செய்து அனுப்ப ஆசை.

கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் சரிபாதி, நாட்டுச்சர்க்கரை, தயிர், சமையல் சோடா, எண்ணெய். ஓடிஜி மின் அடுப்பில் 180 டிகிரி. மணமும் நிறமும் அருமை. ஆனால் கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்கிறது. கேழ்வரகில் குளூட்டன் (மாவைப் பிடித்துவைக்கும் கோதுமைப் புரதம்) இல்லை, அதனால் பிடிப்பு குறைவு. கோதுமையைக் கூட்டலாம்தான். ஆனால் அந்தக் கேழ்வரகு வாசனைக்காகவே கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள், குறைக்க மனம் வரவில்லை.

ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஒரு கப் மாவுக்கு எவ்வளவு? வழவழப்பு தெரியுமா? வாழைப்பழம் மட்டும் வேண்டாம், வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அப்புறம், முந்தைய இரவே செய்து வைத்தால் மறுநாள் மதியம் வரை காய்ந்துபோகாமல் இருக்க என்ன செய்வீர்கள்? செய்து பார்த்த அளவையே சொன்னால் பெரிய உதவி.