பண்ருட்டி பக்கம் கிராமத்து வீடு: வட்டி மானியம் கிடைக்குமா?

முந்திரிக்காட்டான்:
பண்ருட்டி பக்கம் ஓர் ஊராட்சியில் கட்டி முடித்த வீடு, 18 லட்சம் சொல்கிறார்கள். நானும் வீட்டுக்காரியும் சம்பாதிப்பது சேர்த்து வருடம் 5 லட்சம் தாண்டாது. சொந்த வீடு எங்கும் கிடையாது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் மானியம் நிச்சயம் என்று புரோக்கர் அடித்துச் சொல்கிறார். வங்கியிலோ "கிராமமா?" என்று இழுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கெடிலக்கரை:
புரோக்கர் சொல்வது பாதி சரி. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2.0-இல் வருட வருமானம் 9 லட்சம், வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம், இவற்றுக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். மொத்தமாக வராது, 5 தவணையாகக் கடன் கணக்கில் விழும். ஆனால் பெயரிலேயே நகர்ப்புறம் இருக்கிறதே! பண்ருட்டி, நெல்லிக்குப்பம் நகராட்சிக்குள் என்றால் பிரச்சினையே இல்லை. ஊராட்சி என்றால், அந்த சர்வே எண் நகர வளர்ச்சிக்காக அரசு அறிவித்த திட்டமிடல் பகுதிக்குள் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அது தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பலாச்சுளை:
பிரதமர் திட்டத்தின் கிராமப் பிரிவு தரும் 1.20 லட்சமும், தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டம் தரும் 3.50 லட்சமும் குடிசை, கச்சா வீடுகளில் இருப்பவர்கள் சொந்த இடத்தில் கட்டிக்கொள்ளத்தான். ரெடிமேட் வீடு வாங்க உதவாது. அப்புறம், அது நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டாவா? அதற்குக் கடன் தரவே யோசிக்கிற வங்கிகள் உண்டு.

முந்திரிக்காட்டான்:
நத்தம்தான். திங்கட்கிழமை லீவு போட்டு, நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்கக் கடலூர் போகிறேன்.

கெடிலக்கரை:
பத்திரத்தில் வீட்டுக்காரி பெயரும் இருக்கட்டும். திட்டம் அதைக் கேட்கும்.