ஐ5 பிராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்ட மறுக்கிறது, சூடும் இல்லை: உதவி தேவை

சிவகாசி வடிவமைப்பாளர்:
வணக்கம். அச்சகங்களுக்குக் காலண்டர் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். இன்னும் நாற்பது தாள்களுக்கு மேல் பாக்கி இருக்கும்போது கணிப்பொறி படுத்துவிட்டது.

இன்டெல் கோர் ஐ5-10400, எச்410 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இந்தப் பிராசஸரின் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.3 வரை போகும். எனக்கோ டாஸ்க் மேனேஜரில் எப்போது பார்த்தாலும் 0.79தான். பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டுகிறது. ஒரு தாளைப் பிடிஎஃப் ஆக்கக் கொடுத்துவிட்டு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் பாதிகூட முடிந்திருப்பதில்லை.

வைரஸ் சோதனை செய்தேன், ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், விண்டோஸையே புதிதாக நிறுவினேன். எதற்கும் அசையவில்லை. பழுது பார்க்கும் கடையில் "பிராசஸர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். பணத்தைக் கொடுக்கும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

திருச்சி மெக்கானிக்:
பிராசஸரை மாற்றாதீர்கள் நண்பரே. பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பிராசஸர் கெட்டுப்போனால் பெரும்பாலும் கணிப்பொறி இயங்கவே இயங்காது, அல்லது நடுவில் நின்றுபோகும். இப்படி மெதுவாக நடந்துகொண்டிருக்காது.

வேலை எதுவும் ஓடாத நேரத்தில் 0.8 காட்டினால் அது கோளாறே இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானாகவே இறங்கிக்கொள்ளும். 100 சதவீதப் பயன்பாட்டிலும் ஏறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிராசஸரின் அதிகபட்ச நிலை 100 என்று இருக்கிறதா பாருங்கள். வேலை ஓடும்போது வெப்பநிலை எவ்வளவு என்றும் சொல்லுங்கள். இன்னொன்று: இது தொடங்குவதற்கு முன் பெட்டிக்குள் எதையாவது மாற்றினீர்களா?

சிவகாசி வடிவமைப்பாளர்:
அண்ணா, பவர் ஆப்ஷன்ஸில் 100தான் இருக்கிறது. வெப்பநிலை 54 டிகிரியைத் தாண்டவில்லை. பிராசஸருடன் வந்த கூலர் இரைச்சலாக இருந்ததால் சித்திரையில் நல்ல டவர் கூலர் ஒன்று வாங்கிப் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மாட்டினேன். அதனால் சூடு காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கோவை மாணவன்:
அண்ணா, த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். அதில் 'பிடி புராக்ஹாட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். என் மடிக்கணினிக்கு அப்படித்தான் சரியானது.

சிவகாசி வடிவமைப்பாளர்:
தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்! டிக்கை எடுத்த நொடியில் 4.0க்கு ஏறிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஐந்து தாள் முடித்துவிட்டேன். சிக்கல் தீர்ந்தது.

ஈரோடு பாலிடெக்னிக் ஆசிரியை:
தீரவில்லை. தயவுசெய்து அந்த டிக்கை உடனே திரும்பப் போடுங்கள். நெருக்கடியான நேரம் என்பது புரிகிறது, ஆனாலும் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

புராக்ஹாட் என்பது "நான் சூடாகிவிட்டேன்" என்று பிராசஸர் வெளியே சொல்லும் ஒரு சமிக்ஞைக் கம்பி. 'பிடி' என்றால் இருவழி. மதர்போர்டில் உள்ள வேறு பாகமும் அதே கம்பி வழியாக "எனக்குச் சூடு தாங்கவில்லை, வேகத்தைக் குறை" என்று பிராசஸரிடம் சொல்ல முடியும். அப்படிச் சொன்னதும் பிராசஸர் தன் குறைந்தபட்சப் பெருக்கமான 8க்கு இறங்கிவிடும். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 8ஆல் பெருக்கினால் 800. உங்கள் 0.79 அதுதான். இந்தப் பிராசஸர் தன் சூட்டுக்காகத் தானே வேகத்தைக் குறைப்பது 100 டிகிரியில்தான். நீங்கள் இருப்பது 54இல். எனவே குரல் கொடுப்பது பிராசஸர் இல்லை.

என் சந்தேகம் விஆர்எம் பகுதி மேல். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்ற ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி அது. பிராசஸர் 80 வாட் இழுத்தால் அதிலுள்ள மாஸ்ஃபெட் என்னும் சிறு மின் சுவிட்சுகள் வழியாக 60 ஆம்பியருக்கு மேல் பாயும். விலை குறைந்த எச்410 போர்டுகள் பலவற்றில் அவற்றின் மேல் ஒரு அலுமினியத் தகடுகூட இருக்காது. பிராசஸருடன் வந்த கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். அது போர்டின் மேல் பரவி விஆர்எம்மையும் ஆற்றும். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிராசஸரைக் குளிர வைத்தீர்கள், பக்கத்தில் இருப்பது வேகிறது.

அந்த எச்சரிக்கையை அடைத்துவிட்டு முழு வேகத்தில் ஓட்டினால், ஒரு நாள் மாஸ்ஃபெட் எரிந்து போர்டே போய்விடும்; பிராசஸரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். கோவைத் தம்பி சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. சில மடிக்கணினிகளில் சார்ஜரை அடையாளம் காண முடியாமல் வீணாக இந்தச் சமிக்ஞை வரும். உங்கள் போர்டில் அது வீண் என்று தெரியும்வரை அதை நம்புங்கள்.

சோதனைக்குச் செலவே இல்லை. டிக்கைப் போட்டுவிட்டு, டாஸ்க் மேனேஜரில் வேக வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு தாளை ஓட்டுங்கள். தொடக்கம் முதலே 0.79ஆ, சில நிமிடம் கழித்தா என்று பாருங்கள். பிறகு பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, மேசை விசிறியை விஆர்எம் பக்கம் திருப்பி மறுபடி ஓட்டுங்கள்.

சிவகாசி வடிவமைப்பாளர்:
டீச்சர், நீங்கள் சொன்னபடியே செய்தேன். இதுவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை. முதல் நான்கு நிமிடம் 4.0இல் ஓடுகிறது. பிறகு 0.79க்குச் சரிகிறது. அரை நிமிடம் கழித்து ஏறுகிறது, சில நொடிகளில் மறுபடி விழுகிறது. மாலைவரை இதே கதை. மெதுவான பிறகே நான் எட்டிப் பார்த்ததால் எப்போதும் 0.79 என்று நினைத்துவிட்டேன்.

மேசை விசிறியை வைத்ததும் இருபத்தைந்து நிமிடம் ஒருமுறைகூட விழவில்லை! கணிப்பொறியின் உள்நிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் புராக்ஹாட் என்ற வரியும் 'இல்லை' என்றே நின்றது.

திருச்சி மெக்கானிக்:
டீச்சர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கூலரை மாற்றினீர்கள் என்றதுமே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். மேசை விசிறியோடு காலம் தள்ள முடியாது, ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். பெட்டியின் பின்புறமும் மேல்புறமும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒவ்வொன்று காற்றை வெளியே தள்ளும்படி போடுங்கள். விஆர்எம் இருப்பது அந்த மூலையில்தான். அடுத்து, பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், நீண்டநேர மின் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். இன்டெல் இதற்கு வகுத்தது 65 வாட். பல போர்டுகள் அதைத் திறந்துவிட்டிருக்கும். 65 என்று வைத்தால் நீண்ட வேலையில் வேகம் சற்றுக் குறையும், ஆனால் நிலையாக ஓடும்.

சிவகாசி வடிவமைப்பாளர்:
மதுரையிலிருந்து இரண்டு விசிறிகள் வரவழைத்து மாட்டிவிட்டேன். பயாஸில் வரம்பு 125 என்று இருந்தது, 65 ஆக்கினேன். கதவை மூடி, மதிய வெயிலில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினேன். 3.6க்கும் 3.8க்கும் நடுவில் நிற்கிறது, ஒருமுறைகூட 0.79ஐப் பார்க்கவில்லை. த்ராட்டில்ஸ்டாப்பை நீக்கிவிட்டேன். டீச்சருக்கும் திருச்சி அண்ணனுக்கும் கோவைத் தம்பிக்கும் என் நன்றி. பதினெட்டுத் தாள்கள் பாக்கி, முருகன் படத்திலிருந்து தொடங்குகிறேன்.