லத்தீன் ஏட்டில் ஒரு சுருக்கம்: ‘குவோனியாம்’ என்பதா, ‘குவாண்டோ’ என்பதா?

வணக்கம். வட பிரான்சில் 13-ஆம் நூற்றாண்டில் காதிக் எனும் கோணலான இடைக்கால எழுத்துவகையில் எழுதப்பட்ட ஒரு லத்தீன் மறையுரையின் தோல் ஏட்டை மின்படத்திலிருந்து படியெடுத்து வருகிறேன். இரண்டாம் பத்தியின் முதற்சொல்லிலேயே வேலை நின்றுவிட்டது. ‘க்யூ’ எழுத்தை அடுத்துச் சில செங்குத்துக் கோடுகளும், அவற்றின் மேல், எழுத்துகள் விடப்பட்டதைக் காட்டும் ஒரு கிடைக்கோடும் உள்ளன. கோடுகள் மூன்று என்றால் அது ‘எம்’, சொல் ‘குவோனியாம்’, அதாவது ‘ஏனெனில்’. இரண்டு என்றால் அது ‘என்’, சொல் ‘குவாண்டோ’, அதாவது ‘(ஒன்று நிகழும்) பொழுது’. மூன்றாவது கோடு இருக்க வேண்டிய இடத்தில் மை உரிந்து பழுப்புக் கறை மட்டுமே எஞ்சியிருக்கிறது. வாக்கியமோ இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது.

படத்தைப் பெரிதாக்கியும் நிற வேறுபாட்டைக் கூட்டியும் பார்த்துவிட்டேன். 1899-இல் வெளிவந்த, எழுத்துச் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் கப்பெல்லியின் அகராதியைப் புரட்டியதில் இரண்டு வாசிப்புமே வழக்கில் இருந்தவை என்பது மட்டும் உறுதியானது. காலில் குறுக்குக்கோடு இட்ட ‘பி’யை ‘பெர்’ என்பதற்கும், 7 என்ற எண்ணைப் போன்ற குறியை ‘எத்’ என்பதற்கும் தவறாமல் ஆளும் இந்த எழுத்தரின் கை மிகவும் ஒழுங்கானது. ஆனால் இந்தச் சுருக்கம் ஏட்டில் வேறெங்கும் வரவில்லை. மூல ஏட்டைப் புற ஊதா ஒளியில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை.

கோடுகளை எண்ண முடியாத இத்தகைய இடத்தில், மேற்கோட்டின் நீளத்தையோ கோடுகளின் இடைவெளியையோ கொண்டு ‘எம்’மையும் ‘என்’னையும் உறுதியாகப் பிரித்தறிய முடியுமா?