1972-73 லூக் கேஜ் காமிக்ஸ் அச்சு இதழ் யாரிடமாவது இருக்கா?

மார்வெலின் கறுப்பின நாயகன் லூக் கேஜ் வரும் 'ஹீரோ ஃபார் ஹயர்' காமிக்ஸின் முதல் 16 இதழ்களில் ஏதாவது ஒன்று, பழைய நியூஸ்பிரிண்ட் அச்சிலேயே வேண்டும். 17-ல் தலைப்பு 'பவர் மேன்' ஆகிவிடுகிறது. அது இப்போதைக்கு வேண்டாம். மறுபதிப்பும் பயன்படாது, வண்ணம் புதிதாகப் போட்டிருப்பார்கள்.

கறுப்பின நாயகர்களின் தோல்நிறம் அன்றைய அச்சில் எப்படி வந்தது என்று ஒப்பிடுகிறோம். பழுப்பு என்பது மஞ்சள், சிவப்பு, நீலப் புள்ளிகளின் கலவை. நீலம் கொஞ்சம் தூக்கலானால் முகம் சாம்பலாகிவிடும். முதல் இதழில் பென்சில் ஓவியத்தின் மேல் மை போட்ட பில்லி கிரஹாம் கறுப்பினக் கலைஞர். அவருடைய கோடும் அந்த வண்ணமும் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி.

இதழையே அனுப்ப வேண்டாம், முகம் பெரிதாகத் தெரியும் ஒரே கட்டத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். 600 டிபிஐ, டிஃப் கோப்பு. ஸ்கேனரில் ஆட்டோ கலரை (தானாக நிறம் திருத்தும் வசதி) அணைத்துவிடுங்கள். தாளின் மஞ்சளை அது நீக்கும்போது பழுப்பும் மாறிப்போகும். டீஸ்கிரீன் வசதியும் வேண்டாம், அச்சுப் புள்ளிகளைக் கரைத்துவிடும். பின்பக்க அச்சு தெரியாமலிருக்கத் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். முதுகு விரியும்படி அழுத்தாதீர்கள், ஸ்டேப்ளர் பின் கழன்றுவிடும். ஸ்கேனர் இல்லையா? போனில் படமெடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இதழ் எண், பக்க எண் கட்டாயம்.