பிசுக்குமைமானியைக் கழுவக் குரோமிக் அமிலம் வேண்டுமா?

கொக்குவில்_மாணவி:
எங்கள் ஒஸ்வால்ட் பிசுக்குமைமானியில் (திரவம் மயிர்த்துளைக் குழாயால் இறங்கும் நேரத்தை வைத்து அதன் பிசுக்குமையை அளக்கும் கண்ணாடிக் கருவி) தண்ணீர் இறங்கப் போன வருடம் 212 செக்கன் எடுத்தது. அதே 25 பாகையில் இப்போது 221. இடையில் தேங்காய் எண்ணெயும் பொலிவைனைல் அற்ககோல் கரைசலும் அளந்தோம். கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில்தான். வெளிச்சத்தில் பிடித்தால் மயிர்த்துளைக் குழாய்க்குள் மெல்லிய வெள்ளை தெரிகிறது. குரோமிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பழைய_லாப்:
தாராளமாக வை, தங்கச்சி. துளி எங்கும் தங்காமல் ஒரே படலமாகத் தண்ணீர் இறங்கினால்தான் கண்ணாடி சுத்தம். குரோமிக் அமிலம் போல அந்தப் படலத்தைத் தருவது வேறொன்றையும் நான் காணவில்லை.

கிணற்றடி:
அண்ணை, கொழுப்புக்கு அது சரி. ஆனால் அந்த வெள்ளை கொழுப்பில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படிகிறதே, அதேதான். குரோமிக் அமிலக் கலவையில் இருப்பது செறிந்த சல்பூரிக் அமிலம். அது கல்சியம் காபனேற்றைக் கல்சியம் சல்பேற்றாக்கும், அதுவோ தண்ணீரில் லேசில் கரையாது. இறங்கும் நேரம் குழாயின் ஆரையின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதம். ஆரை நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே நேரம் சுமார் 4 வீதம் கூடும். உங்கள் 9 செக்கன் அதுதான். முதலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விடுங்கள்.

பழைய_லாப்:
சுண்ணாம்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பொலிவைனைல் அற்ககோல் போன்ற பல்பகுதியம் (பொலிமர்) காய்ந்து ஒட்டினால் என்ன செய்வாய்?

கிணற்றடி:
காயவே விடக்கூடாது. பொலிவைனைல் அற்ககோல் என்றால் அளந்த கையோடு சூடான வடித்த நீர். எண்ணெய்க்கு ஹெக்சேன், பிறகு அசற்றோன், கடைசியில் வடிகட்டிய உலர்ந்த காற்று. குழாய்த் தண்ணீரில் முடிக்கவே வேண்டாம். குரோமிக் அமிலத்தில் இருக்கும் ஆறு பெறுமான குரோமியம் புற்றுநோய் தருவது. கழுவு தொட்டியில் போனால் மண்ணில் ஊறி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்கு வரும். ஆறில்லாத ஊர் அண்ணை, அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறோம்.

பழைய_லாப்:
நாங்கள் தொட்டியில் ஊற்றுவதில்லை, போத்தலில் சேர்க்கிறோம்.

கிணற்றடி:
அந்தப் போத்தல்கள் கடைசியில் எங்கே போகும்?

பழைய_லாப்:
அதற்கு ஒழுங்கான வழி வேண்டும், அது உண்மை. ஆனாலும் எதற்கும் அசையாத கறைக்கு நான் குரோமிக் அமிலத்தைக் கைவிட மாட்டேன். தங்கச்சி, அசற்றோன் ஈரம் துளியும் இருக்கும்போது மட்டும் அதை ஊற்றிவிடாதே, ஆபத்து. எரிசோடாக் கரைசலில் ஊறவைப்பதும் வேண்டாம், கண்ணாடியையே அரிக்கும்.

கொக்குவில்_மாணவி:
ஐதரோகுளோரிக் அமிலம் விட்டேன். சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக மேலே ஏறின, வெள்ளை போய்விட்டது. வடித்த நீரால் பல தடவை அலசி, உலர்த்தி அளந்தேன். மூன்று முறையும் 213.

பழைய_லாப்:
மிச்ச ஒரு செக்கனுக்கு நீர்த்தொட்டியின் வெப்பமானியைப் பார். கால் பாகை குளிர்ந்தாலே அவ்வளவு கூடும்.