புதுப்பிப்பு: அப்பாவின் உயில், பேசி முடித்தோம்

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு உயிலில் கூடுதல் பங்கு தருவது நியாயமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அப்பாவே எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டார். வீடு தங்கைக்கு, சேமிப்பு அண்ணனுக்கும் எனக்கும். கணக்குப் பார்த்தால் சமமில்லைதான். ஆனால் காரணத்தை அவர் வாயாலேயே கேட்டதில் அண்ணனின் கோபம் பாதி தணிந்தது. மீதிப் பாதி? பார்ப்போம்.

வழக்கறிஞர் சொன்னபடி, அந்தக் காரணங்களை அப்பா தனிக் கடிதமாக எழுதி உயிலோடு வைக்கிறார். பொதுவாக அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் 'தங்கை வற்புறுத்தி எழுதி வாங்கிவிட்டாள்' என்று நாளை யாராவது கிளம்பினால் உதவும். அதனால்தான் கையெழுத்துப் போடும் அன்று தங்கை கூட வர வேண்டாம் என்றும் வழக்கறிஞர் சொன்னார். சாட்சிகளும் வெளியாட்கள்தான், பங்கு பெறுபவரே சாட்சியானால் பல நாடுகளில் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும்.

அப்புறம் ஒன்று: அப்பாவின் ஆயுள் காப்பீட்டில் பணம் பெறுபவராக இன்னமும் மறைந்த அம்மாவின் பெயர்! அதை நிறுவனத்திடமே நேரடியாக மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அண்ணனுக்கு. அவர் பெயரைச் சொன்னதே தங்கைதான்.